பாதி வாடகை

ஷர்மினி சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் கலாதேவி அதை எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் தங்கை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையை ஒட்டிய கடை வரிசையில் அக்காவும் தங்கையும் டோபி எனப்படும் சலவைக்கடை நடத்திவந்தார்கள். தொடங்கியவள் கலாதேவி. ஈப்போ ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் பல வருஷம் இருந்தவள் என்பதால், விரிப்புகளை எப்படி வெளுப்பது, எந்த ஹோட்டலில் யாரிடம் பேசுவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வங்கியில் கடன் வாங்கி மெஷின் போட்டு, மூன்று ஹோட்டல்களின் துணியைப் பிடித்தாள். ஷர்மினியின் கணவன் பவித்ரனுக்கு வேலை போன சமயம் அவளும் வந்து சேர்ந்துகொண்டாள். அவள் சும்மா வரவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்த இரண்டு முதியோர் இல்லங்களுக்குத் தானே நடையாய் நடந்து, அவர்களுடைய துணியைக் கேட்டு வாங்கிவந்தாள்.

பகலில் ஹோட்டல் துணி ஓடும். சாயங்காலம் இல்லத்துத் துணி. மெஷின் ஒன்று, வேன் ஒன்று, கடை ஒன்று. சாயங்கால வேலைக்கென்று ஷர்மினி இரண்டு பெண்களை வைத்திருந்தாள்.

கலாதேவிக்குத் தங்கையின் போக்கு பிடிப்பதில்லை. துணி எடுக்கப் போனால் ஷர்மினி சீக்கிரம் திரும்பமாட்டாள். அங்கே யாருக்காவது பட்டன் தைத்துக்கொடுத்துக்கொண்டிருப்பாள். இல்லத்துத் துணிக்குக் கிலோவுக்குக் கிடைப்பதும் குறைவு. ஒருநாள் இல்லத்துப் போர்வைகள் இரவுக்குள் முடியாமல் மெஷினில் கிடந்ததில், மறுநாள் ஹோட்டல் துணி தாமதமாகிவிட்டது. ஹோட்டல் மேலாளர் ஆட்கள் முன்னால் வைத்தே கலாதேவியைக் கடிந்துகொண்டார். முகம் சிவக்கத் திரும்பி வந்தவள் நேரே கணினி முன் உட்கார்ந்தாள்.

வாடகை, மெஷின் தவணை, வேன் தவணை, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து மாதம் எட்டாயிரம் வெள்ளி வந்தது. துணியின் எடையைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பாதி. அதனால் செலவையும் பாதியாய்ப் பிரித்தாள். இல்லங்களிலிருந்து வருவது ஒன்பதாயிரம். அந்த இரண்டு பெண்களின் சம்பளம், சவுக்காரத் தூள், தண்ணீர், கரண்டு, எரிவாயு, டீசல் போக மிஞ்சுவது இரண்டாயிரத்து ஐந்நூறு. அதில் பாதிச் செலவான நாலாயிரத்தைக் கழித்தால் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி நஷ்டம். ஹோட்டல் பக்கமோ அதே கழிவுக்குப் பிறகும் இரண்டாயிரத்து ஐந்நூறு லாபம் காட்டியது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தங்கையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"கணக்கு சொல்லுது ஷர்மி. நா சொல்லல."

ஷர்மினி குனிந்து பார்த்தாள். எண்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"இது இந்த மாசம் மட்டுமாக்கா?"

"எல்லா மாசமும் அப்பிடித்தான் இருந்திருக்கும்."

"நாலு வருஷமாவா?" ஷர்மினியின் குரல் இறங்கிவிட்டது. "ஏங்க்கா முன்னாடியே சொல்லல? இத்தன நாளா ஒன் தலையில ஒக்காந்து தின்னுருக்கேன்லா."

அப்படியெல்லாம் இல்லை என்று கலாதேவி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தங்கை எதிர்த்துப் பேசுவாள், தானும் பதிலுக்குப் பேசலாம் என்று தயாராய் இருந்தவளுக்கு அந்தப் பணிவு என்னவோபோல் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது.

"மன்னிச்சிரு அக்கா," என்றாள் ஷர்மினி.

இல்லங்களுக்கு அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பெண்களையும் அவளே கணக்குத் தீர்த்து அனுப்பினாள். சிலிம் ரிவரில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பவித்ரனுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு குடும்பம் அங்கே போய்விட்டது.

இனி நஷ்டம் நின்றுவிடும், சாயங்காலங்களுக்கு இன்னொரு ஹோட்டலைப் பிடித்துவிடலாம் என்று கலாதேவி நம்பியிருந்தாள். ஆனால் போய்க் கேட்ட ஒரு ஹோட்டலில் சொந்த மெஷின் இருந்தது. இன்னொன்று, வேறொரு டோபியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே கடை ஓய்ந்துபோனது. மாதக் கடைசியில் பார்த்தால் கையைக் கடித்தது. அடுத்த மாதமும் அப்படியே. முன்பு ஆயிரம் வெள்ளியாவது மிஞ்சிய கடையில் இப்போது ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது.

யாரோ எடுக்கிறார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பகல் வேலை பார்த்த பாப்பா, பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவள். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். கலாதேவி சவுக்காரத் தூள் மூட்டைகளை எண்ணத் தொடங்கினாள். ஒருநாள் பாப்பா போகும்போது அவளுடைய பையையும் திறந்து காட்டச் சொன்னாள். பாப்பா காட்டினாள். சாப்பாட்டு டப்பாவும் மழைக்கோட்டும் இருந்தன. அதன்பிறகு அவள் தன் பையைக் கடைக்குள் கொண்டுவருவதையே விட்டுவிட்டு, வெளியே மோட்டார் சைக்கிளில் மாட்டிவைத்தாள்.

வருமான வரிக் கணக்கு விஷயமாக தர்சிகாவின் அலுவலகத்துக்குப் போனபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. தர்சிகா ஈப்போ டவுனில் சின்னதாய்க் கணக்கு அலுவலகம் வைத்திருப்பவள். வருஷத்துக்கு ஒருமுறை வரிக்கணக்கோடு பழக்கம் முடிந்துவிடும். கலாதேவி தன் குறையைச் சொல்லி, தான் போட்ட கணக்கையும் காட்டினாள்.

"பாதிப் பாதியாப் பிரிச்சது யாரு?"

"நாந்தான். எடையப் பாத்து."

"நீங்க இல்லத்து வேலைய நிறுத்துன பிறகு கடைச் சொந்தக்காரர் பாதி வாடகை வாங்கிக்கிறாரா அக்கா?"

"அது எப்பிடி? முழுசாத்தான் வாங்குறாரு."

"வங்கி?"

கலாதேவி குனிந்து தன் கணக்கிலிருந்த தவணை வரியைப் பார்த்தாள்.

தர்சிகா குத்திக்காட்டும் ஆளில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "ஒரு வேலைய விடலாமா வேணாமான்னு பாக்கும்போது, விட்டா எந்தச் செலவு நிக்கும், எந்த வரவு போகும், அத மட்டும்தான் பாக்கணும். விட்டாலும் வைச்சாலும் இருக்கப்போற செலவ ஏன் உங்க தங்கச்சி தலையில ஏத்துனீங்க? அவங்க வேலை நஷ்டம் இல்லக்கா. மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு உங்க வாடகைக்கும் தவணைக்கும் தந்துக்கிட்டு இருந்துச்சு."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியும் கலாதேவி வண்டியை எடுக்கவில்லை. கணக்கு புரியாமல் போனது அவளை அவ்வளவாய் வருத்தவில்லை. அன்று அந்த எண்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வேன் தவணையைப் பாதியாய்ப் போடும் இடத்தில் கை ஒரு நொடி தயங்கியது நினைவுக்கு வந்தது. ஹோட்டலுக்கும் இந்த வேன்தானே போகவேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. அந்த எண்ணத்தை அவள்தான் மேலே வரவிடவில்லை. விடை அவளுக்குப் பிடித்தமாதிரி வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிலிம் ரிவருக்குப் போனாள். ஷர்மினி ஒரு பள்ளிக் கேண்டீனில் தட்டுக் கழுவும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடு தேநீர் கலக்கிக் கொண்டுவந்தாள். கலாதேவி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தச் செலவு நின்றது, எது நிற்கவில்லை, கடை இப்போது எப்படி இருக்கிறது, எல்லாம்.

ஷர்மினி கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "அப்ப நா ஒனக்குப் பாரமா இல்லியாக்கா?"

"இல்ல ஷர்மி. நீ கடையத் தாங்கிக்கிட்டு இருந்த."

"அந்தக் கணக்க நீ உண்மையிலேயே நம்புனியா?"

பொய் வாய்வரை வந்தது. "நம்பணும்னு இருந்துச்சு," என்றாள் கலாதேவி.

ஷர்மினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசியபோது கோபம் அதிகமில்லை. களைப்புத்தான் இருந்தது.

"இங்க டவுன்ல ஒரு டோபிக் கடை மெஷினோட வந்துச்சுக்கா. இவருக்குத் தெரிஞ்ச ஆளு, வயசாயிருச்சு, சும்மா இருக்குற கடைய நீ எடுத்து நடத்துன்னாரு. இவரும் எடுப்போம்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். நாலு வருஷம் அக்கா காசுல நஷ்டம் பண்ணவ, எனக்கெதுக்குத் தொழில்னு நெனச்சேன். போன மாசம் வேற ஆளு எடுத்துக்கிட்டாங்க."

கலாதேவி அவள் கையைப் பிடித்தாள். ஷர்மினி கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை.

"திரும்பி வந்துரு ஷர்மி. மறுபடி ஆரம்பிப்போம்."

"யாருக்குத் தொவைக்க? ரெண்டு எடத்துலயும் வேற ஆளு வந்தாச்சு. பிள்ளைங்கள இங்க ஸ்கூல்ல போட்டாச்சு." எழுந்து கோப்பைகளை எடுத்தாள். "சாப்பிட்டுட்டுப் போக்கா. மீன் வாங்கியிருக்கு."

கலாதேவி சாப்பிட்டாள். பவித்ரன் லோரியைப் பற்றிப் பேசினான். யாரும் கடையைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் காலை பாப்பாவிடம், பையை உள்ளேயே கொண்டுவந்து வையுங்க அக்கா, தப்பு எம்மேலதான் என்றாள். பாப்பா தலையசைத்தாள். ஆனால் அன்றும் பை வெளியில்தான் தொங்கியது.

பிறகு ஒரு விடுதிக்காரர் துணி துவைத்துத் தரக் கேட்டு வந்தார். கொடுக்கக்கூடியது மிகக் குறைவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பழைய கலாதேவியாக இருந்தால் எட்டாயிரத்தில் ஒரு பங்கை அந்தத் துணிமேல் ஏற்றிப் பார்த்து, கட்டாது என்று அனுப்பியிருப்பாள். இப்போது அந்தத் துணியால் புதிதாய் வரும் செலவை மட்டும் எழுதினாள். தூள், தண்ணீர், கரண்டு, எரிவாயு, டீசல், ஓர் ஆளின் அரைநாள் சம்பளம். அதற்குமேல் கொஞ்சம் மிஞ்சியது. ஒத்துக்கொண்டாள். மெதுவாக இன்னும் இரண்டு சின்ன வேலைகள் வந்தன. சாயங்காலங்களில் மெஷின் மறுபடி ஓடியது. கடை மூழ்காமல் நின்றது.

ஷர்மினி பேசாமல் இருந்துவிடவில்லை. வாரத்தில் ஒருமுறையாவது போன் வரும். பிள்ளைகள், மழை, பவித்ரனின் முதுகுவலி என்று பேச்சு போகும். ஒருதடவை கலாதேவி, புது மெஷின் எடுப்பதா, பழையதையே பழுது பார்ப்பதா என்று தங்கையிடம் யோசனை கேட்டாள். உண்மையில் யோசனைக்காகக் கேட்கவில்லை. அவள் ஒருதரம் தொழிலைப் பற்றிப் பேசமாட்டாளா என்றுதான் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கென்னக்கா தெரியும்? நீ பாத்துக்க. ஒனக்குத்தான் கணக்கு வரும்," என்றாள் ஷர்மினி. குரலில் குத்தல் துளியும் இல்லை. மனதாரச் சொன்னாள்.

கலாதேவி போனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தாள். மறுமுனையில் தங்கை அதற்குள் மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள்.