அறுதலிப்பூ

சந்தனக் கிண்ணத்தை வரிசையாக நீட்டிக்கொண்டு வந்த பேராசிரியரின் மனைவி கோமதி, ஆனந்தவள்ளியின் முன்னால் ஒரு கணம் நின்றாள்; கிண்ணத்தை நீட்டவில்லை.

"சார் மாடியில இருக்காவ. நீ போம்மா, கட்டுரை அவசரம்லா?"

குரலில் அவ்வளவு அன்பு. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கோமதியின் மகள் வளைகாப்புக்குக் கூடியிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே விட்டார்கள்.

மாடியில் அவளுடைய ஆய்வு நெறியாளர், பேராசிரியர் சங்கரநாராயணன், மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார். ஐந்தருவிக்கு மேலே, ஈரப் பாறையில், சாரல் காலத்தில் மட்டும் பூக்கும் ஒரு காசித்தும்பை. உலகம் அறியாத இனம். கண்டெடுத்தவள் ஆனந்தவள்ளி. பெயர் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

நம் மலைச் செடிகளுக்கு வெள்ளைக்காரத் துரைகளின் பெயர் எதற்கு என்று கருத்தரங்குதோறும் முழங்குகிறவர் அவர். அதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. இப்போதும் அவர் சொன்னது சரிதான் என்றே நினைத்தாள். ஆனால் இந்தப் பூவுக்கு மலையடிவாரத்தில் வழங்கும் பெயர் அறுதலிப்பூ. வெள்ளையாக இருக்கும், வாசமில்லை, தலையிலும் வைக்க மாட்டார்கள், சாமிக்கும் போட மாட்டார்கள். பட்டாளத்திலிருந்து அவள் கணவன் சவப்பெட்டியில் வந்த அன்று, மாமியார் அவளைக் கூப்பிட்டதும் அந்தச் சொல்லால்தான்.

"சார், ஐந்தருவி பேரையே வைப்போமே."

"ஊர்ப் பேரை எல்லாவனும் வைக்கான். இது சனங்க வச்ச பேரும்மா, திருத்த நாம யாரு? அச்சில ஏறிட்டுன்னா ஒலகம் உள்ள மட்டும் ஒருத்தனும் மாத்த முடியாது!"

அவருக்குப் பெருமை தந்த அதே விஷயத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

சம்பந்தி நம்பிராஜன் காபி டம்ளரோடு மேலே வந்தார். "என்ன சம்பந்தி, புதுப் பூ ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கியளாமே! பேரு என்ன வச்சிய? கீழ சொன்னா பொம்பளையளும் சந்தோசப்படுவாவல்லா."

"அது வந்து... அறு..."

"ஏங்க!" படியேறி வந்துகொண்டிருந்த கோமதி பதறிவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சை எடுக்காதிய. பிள்ளத்தாச்சி காதுல விழுந்திரப் போவுது!"

சொல்லி முடித்த பிறகுதான் ஆனந்தவள்ளி நிற்பதைப் பார்த்தாள். வந்த காரியத்தை மறந்தவள்போல இறங்கிப் போனாள். நம்பிராஜனும் காபியை ஆற்றிக்கொண்டே பின்னால் நழுவினார்.

"அவ படிக்காதவ," என்றார் பேராசிரியர், கணினித் திரையைப் பார்த்து.

கோபம் வரும் என்று ஆனந்தவள்ளி காத்திருந்தாள். வரவில்லை. பதிலாக, நெடுநாள் தேடிய ஒன்று கைக்கெட்டியது போன்ற ஒரு நிதானம் வந்தது.

"பேரு அப்படியே இருக்கட்டும் சார். பெயர்க் காரணத்தை மட்டும் நான் எழுதுதேன்."

உட்கார்ந்து எழுதினாள்: 'கணவனை இழந்த பெண்ணை இப்பகுதியினர் இழிவாக அழைக்கும் சொல். அவளைப் போலவே இந்தப் பூவையும் சுபகாரியங்களில் சேர்ப்பதில்லை.'

அதைப் படித்த பேராசிரியரின் முகம் வெளிறியது. "என்னம்மா இது? வெளிநாட்டுக்காரன் படிச்சா நம்மளப் பத்தி என்ன நினைப்பான்? மானம் போயிரும்லா!"

"பேரை வச்சா போகாத மானம், அர்த்தத்தைச் சொன்னா போயிருமா சார்?"

பேராசிரியர் ஒரு விரலால் பெயரையும் காரணத்தையும் அழித்தார். "ஐந்தருவின்னே போட்டுருவோம். அதுவும் நம்ம பேருதானே."

கேட்டது கிடைத்துவிட்டது, அவருடைய மானத்துக்காக.

கீழே பந்தி தொடங்கியிருந்தது. கோமதி ஒரு தூக்குவாளியோடு ஓடி வந்தாள். "சித்ரான்னம் எல்லாம் கட்டிட்டேன்மா. வீட்டுல போய் நிதானமாச் சாப்பிடு. ஒனக்கு நேரமாச்சுல்லா?"

"நேரம் கெடக்கும்மா."

வளையல் குலுங்க உட்கார்ந்திருந்த பெண்களின் வரிசையில், நடுவில் ஒரு இலை காலியாக இருந்தது. ஆனந்தவள்ளி போய் அதன் முன் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். பரிமாற வந்தவள் கோமதியின் முகத்தைப் பார்த்தாள்.

"சோறு வைங்க," என்றாள் ஆனந்தவள்ளி.