படிவத்தில் இல்லாத பிள்ளை

எதிர் வீட்டு சுலோசனா மூச்சிரைக்கப் படியேறி வந்து சொன்னதும் ஹெலினாவுக்கு அடுப்பில் தோசை கருகுவதுகூடத் தெரியவில்லை.

"இஸ்கூலுக்குப் போகாத பசங்க எந்த ஊட்ல கீதுன்னு கணக்கெடுத்துகினு வர்றாங்க. பின்தெரு முடிஞ்சிடுச்சு. கூட காக்கி போட்ட அம்மா ஒண்ணு வேற கீது."

"போலீஸா?"

"யாருக்குத் தெரியும்?"

ஹெலினாவின் மகள் ரியாவுக்கு ஒன்பது வயது. ஒன்றரை வருஷமாகப் படிப்பெல்லாம் பருத்திப்பட்டில் இந்த மாடி வீட்டில்தான். முன்பு போன பள்ளியில் வாய்ப்பாடு சொல்லும்போது பேச்சு திக்கியதற்காக, விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திறந்தார்கள். அதற்கப்புறம் பள்ளி வேன் ஹாரன் கேட்டாலே பிள்ளை உடுப்பை நனைத்துவிடும். நான்காம் நாள் ஹெலினா போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேறு பள்ளி என்ற பேச்சை எடுத்தாலே ரியா கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"யாராவது கேட்டா இன்னா சொல்லுவ?" என்று கணவன் பிராங்க் அப்போதே கேட்டான். அவள் போனில் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தாள். ஒருவர் குற்றம் என்றார், ஒருவர் உரிமை என்றார். அவள் மனதில் தங்கியது குற்றம் என்ற சொல்தான்.

இப்போது பிராங்க்கைக் கூப்பிட்டாள். பாடி ஏரியாவில் அவன் வேலை செய்யும் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சுலோசனாக்கா, வெளிய பூட்டிடுங்க. ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க."

சாவியைக் கொடுத்துவிட்டு ரியாவை இழுத்துக்கொண்டு படுக்கையறை மூலையில் உட்கார்ந்தாள். வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது. அந்த நொடியே ரியாவின் உடம்பு விறைத்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. ஹெலினா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

கீழே குரல்கள். "மாடியில யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா, ஊருக்குப் போய்கீறாங்க."

ரியா கையைக் கடித்தாள். ஹெலினா விடவில்லை. வலி ஏற ஏற இன்னும் அழுத்திப் பிடித்தாள். மடியில் ஈரம் பரவியபோதுதான் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளை அடைத்து வைத்திருப்பது இப்போது யார் என்று ஹெலினாவுக்கு உறைத்தது.

கையை எடுத்தாள். ஜன்னலைத் திறந்து கத்தினாள்: "நாங்க உள்ளதான் இருக்கோம்! அக்கா, தொறங்க!"

வந்தது பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை சுதாவும், காக்கி நிறப் புடவை கட்டிய அங்கன்வாடி ஊழியரும்தான். ஹெலினா ரியாவுக்கு உடுப்பு மாற்றிவிட்டு வரும்வரை வாசலிலேயே நின்றார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, "புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?" என்றாள்.

"யாரு சொன்னா?" சுதா படிவத்தைப் புரட்டினார். "பெத்தவங்க புள்ளைய ஸ்கூல்ல சேர்க்கணும்னு சட்டத்துல இருக்கு. சேர்க்கலைன்னா தண்டனைன்னு எதுவும் இல்ல. வீட்லயே படிக்கலாம்னும் எழுதல. இந்தப் படிவத்துலயும் அதுக்குக் கட்டம் இல்ல."

ரியாவின் நோட்டை வாங்கிப் பார்த்து, "நீ எழுதினதா? படிச்சுக் காட்டுறியா?" என்றார்.

"ஏ... ஏ... ஏரியில..." ரியா நின்றாள். ஹெலினா வாய் திறக்குமுன் சுதா கை காட்டித் தடுத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. "ஏரியில நாரை வ... வந்திருக்கு."

சுதா 'இடைநின்றவர்' என்ற கட்டத்தில் குறி போட்டார். கீழே, 'தாய் கற்பிக்கிறார். நன்றாக வாசிக்கிறாள்' என்று எழுதினார். "செவ்வாய்க்கிழமை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு வாங்க. வரலைன்னா அவங்க இங்க வருவாங்க."

மூன்று இரவுகள் ஹெலினா தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ரியாவோடு அலுவலகத்துக்குப் போனாள். அலுவலர் ராஜசேகரன் நோட்டுகளைப் புரட்டி, ரியாவிடம் நாலு கணக்குக் கேட்டு, "ஜூன் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் ஸ்கூல்ல சேர்க்கிறதைப் பத்திப் பேசலாம்" என்றார்.

"அதை எழுதித் தருவீங்களா சார்?"

"எதை வெச்சும்மா எழுதறது? வேணாம்னு சொல்ல மனசு வரல. சரின்னு எழுத எனக்கு வழியில்ல."

திரும்பும் பேருந்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். ரியா அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டாள். அவள் வயதுச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எந்த ஸ்கூலு?" என்றாள்.

"வீ... வீட்ல," என்றாள் ரியா.

"இன்னிக்கு லீவா?"

"இல்ல. வீ... வீட்லதான் படிக்கிறேன்."

சிறுமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "யூனிஃபார்ம் போட வேணாமா?" என்றாள். வேண்டாம் என்று ரியா தலையாட்டினாள். முன்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஹெலினா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜூனுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணினாள்.