நான் பூசிய பின்சுவர்

எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கக் கூடத்தின் பின்சுவரைப் பூசியது நான். முப்பது அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். பூச்சு இறுகுவதற்குள் சிமெண்ட் பால் விட்டு, இரும்புக் கரண்டியால் மூன்று முறை இழுத்துத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. மேஸ்திரி வந்து உள்ளங்கையால் வழித்துப் பார்த்தார். இதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்றார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்குவது லேசில்லை. முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

போன வருஷம் அதே கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். போகவேண்டும் என்று நின்றவள் என் வீட்டுக்காரி. நான் இழுபட்டுப் போனவன். அவளுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. மூட்டையில் கட்டியிருக்கும் சீட்டை யாராவது படித்துச் சொன்னால்தான் அது எந்த வார்டுக்கு என்று அவளுக்குத் தெரியும்.

"ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருத்தர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். போதுங்க," என்றாள்.

சின்ன வயதில் சீழ் பிடித்து, அவளுக்கு வலக்காது பாதிதான் கேட்கும். டீச்சர் அதைத் தெரிந்துகொண்டு, நல்ல மனசோடு அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார். பின்னால் உட்கார்ந்தால் டீச்சரின் சின்னக் குரல் அவளுக்கு எட்டாது. நான் கடைசி வரிசையில், என் சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தேன். ஆறு வாரத்தில் நான் தட்டுத்தடுமாறிக் கடைப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். என்னை இழுத்துக்கொண்டு போனவள் ஒற்றை எழுத்துகளைக் கற்றதோடு நின்றுவிட்டாள், சொல்லாகச் சொன்னால் கை ஓடவில்லை. டீச்சர் சொல்வது எல்லாம் கலங்கிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பாள். கவனமாகக் கேள் என்பேன் நான், பெரிய படிப்பாளி மாதிரி. பிறகு அவள் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டு, தன் தலையில் எதுவும் ஏறாது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

என் மைத்துனன், அவள் தம்பி, பெயிண்டர். அவனும் அங்கே படித்தான். கரும்பலகைக்குக் கறுப்பு அடித்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டவன், கதவுக்கு அடிக்கிற எண்ணெய் பெயிண்டை இரண்டு பூச்சு அடித்து வைத்துவிட்டான். பலகை பளபளவென்று மின்னியது. அதில் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது, டீச்சர் எழுதியதுதான் தெரியவில்லை. இடப்பக்கம் இருந்தவர்கள் கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டினார்கள். கடைசியில் டீச்சர் உப்புத்தாளைக் கொடுத்து அவனையே தேய்க்கச் சொன்னார். பலகையைப் பிடித்துக்கொள்ள நான் முன்னால் போனேன்.

"கல்யாண வீட்டுக் கதவு மாதிரி பண்ணி வச்சிருந்தேன் மாமா," என்று முனகிக்கொண்டே தேய்த்தான்.

அவன் தேய்க்கத் தேய்க்க ஜன்னல் மறைந்தது. டீச்சர் எல்லோருக்கும் விளக்கினார். வழவழப்பான பரப்பு, தன்மேல் விழும் வெளிச்சத்தைச் சிதறாமல் ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பிவிடும். சொரசொரப்பான பரப்பு நாலா பக்கமும் பிய்த்துப் போட்டுவிடும், அதனால் கண் கூசாது.

அவர் அதைச் சொல்லும்போது நான் என் மனைவியின் பக்கத்தில் நின்றிருந்தேன். முதல்முறையாக எனக்கும் அது கேட்டது. டீச்சரின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை வந்தது. முதலில் அவர் வாயிலிருந்து. அது காதில் இறங்குவதற்குள், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அதே சொல் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு இதுவரை இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கிறது, முன்வரிசையில் அவளுடைய ஒன்றரைக் காதுக்குத்தான் எல்லாம் கலங்கிப்போயிருக்கிறது. பக்கச் சுவர்களில் எல்லாம் ஜன்னல்கள், திறந்து கிடந்தன. குரலைத் திருப்பி அனுப்ப அங்கே இருந்தது ஒரே சுவர். முகம் பார்த்துத் தலை சீவலாம் என்ற சுவர்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒருத்தனுக்கு வாழ்க்கையில் ஒரு நல்ல சுவர் இருக்கக்கூடாதா என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் கிளம்பவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுத் தன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க நோட்டு தீரப்போகுதுல்ல. இதுல எழுதிக்கங்க. எனக்கு எதுக்கு?"

அந்த நோட்டை வாங்கியதும் எனக்குச் சுவராவது மண்ணாவது என்று ஆகிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் சொன்னேன். அவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று கை தட்டிப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். நாளைக்கே சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறேன் என்றேன்.

"உப்புத்தாள் பத்தாது அண்ணே. வெளிச்சத்தோட அலை ரொம்பப் பொடிசு, அதுக்குச் சின்னக் கீறலே போதும். குரலோட அலை சாண், முழம்னு நீளம். மேடு பள்ளமும் அந்த அளவுக்கு இருந்தாத்தான் அது சிதறும்."

சங்கச் செயலாளரிடம் கேட்டேன். உன் சுவர், உன் பாடு என்றார். மைத்துனனைச் சேர்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நேரே கூடத்துக்குப் போனேன். இருட்டி வெகுநேரம் வரை வேலை, பத்து நாள். முதலில் உளியால் கொத்திப் பிடிமானம் உண்டாக்கினேன். முதல் கொத்துக்கு மட்டும் கை வரவில்லை. பிறகு உடைந்த செங்கல்களைக் கலவை வைத்துப் பதித்தோம். ஒன்று படுத்தபடி, ஒன்று நின்றபடி, ஒன்று சாண் அளவு வெளியே துருத்தியபடி. ஒரே வரிசையில் எதுவும் வந்துவிடக்கூடாது. நேராக வைத்தே பழகின கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று வைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நேர் பார்க்கும் ரசமட்டத்தைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, கண்ணு போயிருச்சா, தொழில் மறந்து போச்சா?"

"இது பாக்குறதுக்கு இல்ல மேஸ்திரி, கேக்குறதுக்கு," என்றேன். அவர் மைத்துனனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சுவர் முடிந்த பிறகு வந்த ஞாயிறு காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறை உன் தலையில் இல்லை, என் சுவரில் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எப்பத் தெரியும்?"

"போர்டு தேய்ச்ச அன்னிக்கே."

"தெரிஞ்சும் மூணு வாரம் என்னை மக்குன்னு நெனைக்க விட்டீங்க."

துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

முன்வரிசையில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மைத்துனனிடம் ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். டீச்சர் பலகையில் எழுதாமல் வாயால் மட்டும் சொற்களைச் சொன்னார். நான் எழுதாமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சொல்லுக்கு அவள் தலை நிமிர்ந்தது. இரண்டாவதற்கு இடக்காதைத் திருப்பினாள். மூன்றாவது சொல்லுக்குக் குனிந்தாள், கை அசைந்தது. அதற்கப்புறம் நிமிரவில்லை. பத்துச் சொல்லில் ஆறு சரி. பத்தும் சரி என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஆறுதான். அவள் திரும்பி, கூடத்தின் கடைசிவரை பார்த்தாள். பல்லெல்லாம் கோணலாக முளைத்த வாய் மாதிரி இருந்த அந்தச் சுவரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினாள். "என் நோட்டைக் குடுங்க."

கொடுத்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து நாலு பக்கம் நான் கிறுக்கியிருந்தேன். புரட்டிப் பார்த்தாள்.

"உங்க கையெழுத்து உங்க சுவர் மாதிரியே இருக்கு."

"எந்தச் சுவர்?"

"இப்ப இருக்குற சுவர்," என்றாள். நோட்டைக் கொடுத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அதற்கு அடுத்த பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எல்லாம் மூட்டைச் சீட்டுகளில் வரும் வார்டு பெயர்கள். மொத்தம் ஒன்பது வார்டு, நான் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு எழுதி முடித்திருந்தாள்.