குழாயடி நாய்

தலைப்பில் பூனை இருந்தால் பாட்டு ஓடும் என்று ஆறுமுகநயினாருக்கு யாரோ சொல்லிவைத்தார்கள். கல்யாணம், கோயில் கொடை என்று தாராவி முழுக்க ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவன், விடுவானா? ‘மாடிவீட்டுப் பூனை’ என்ன, ‘ரயிலேறும் பூனை’ என்ன, மூன்று பாட்டு எழுதினான். ஈ காக்காய்கூடக் கேட்கவில்லை. நான்காவதாக எழுதிய ‘குழாயடி நாய்’தான் பிய்த்துக்கொண்டு போனது. ரிக்‌ஷாவில் ஏறினால் அது, சலூனில் உட்கார்ந்தால் அது. பல்லவி முடிந்ததும் கேட்கிறவர்கள் எல்லாரும் “லொள் லொள்” என்று குரைக்க வேண்டும். அதற்காகவே மேடைக்குத் துண்டுச்சீட்டு வந்து குவியும்.

அந்த நாய் யார் என்று தெருவுக்கே தெரியும். சிவனாண்டி அண்ணாச்சிதான். காலையில் தண்ணீர் வரும் நேரம் முழுக்கக் குழாயடியில் நின்று, வரிசையில் இடையில் புகுந்தவனை ஏசி விரட்டுகிற மனுஷன். நயினார் வீட்டில் திருட்டு மோட்டார் வைத்துத் தெருத் தண்ணீரை உறிஞ்சியதைக் கண்டுபிடித்து, மோட்டாரைப் பிடுங்கி வெளியே வைத்தவர். தப்பு தன்மேல் என்று நயினாருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அந்த எரிச்சலில்தான் பாட்டை எழுதினான். அப்புறம் அண்ணாச்சி குழாயடிக்கு வந்தாலே சின்னப்பிள்ளைகள் குரைத்தார்கள். இரண்டே மாதத்தில் அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் கல்யாணப் பத்திரிகையோடு நயினார் வாசலில் வந்து நின்றார். எப்போதும் ‘ஏல’ போட்டுப் பேசுகிறவர், அன்றைக்குத் ‘தம்பி’ என்றார்.

“தம்பி, எம்மவ சங்கரேஸ்வரிக்கு முடிவாயிருக்கு. மாப்ள வீடு வாஷியில. ரிசப்ஷனுக்கு ஒங்க பாட்டுப் பார்ட்டியத்தான் அவிய பிடிச்சிருக்காவ. அந்தப் பாட்ட மட்டும் அன்னைக்குப் படிச்சிராதிய. நாந்தான் அதுன்னு சம்பந்தக்காரவியளுக்குத் தெரியாது. எம்பிள்ள அங்க போயி வாழணும்.”

நயினாருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “சத்தியமா படிக்க மாட்டேன் அண்ணாச்சி” என்றான். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை, பாவி.

ரிசப்ஷனில் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய சீட்டுகளில் பாதிக்குமேல் ‘குழாயடி நாய்’. எல்லாவற்றையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, எடுபடாத பூனைப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடினான். பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமா வானமாமலை மேடைக்கே ஏறிவந்து மைக்கை வாங்கினார்.

“என்னய்யா, பூனையாவே படிச்சிக்கிட்டிருக்கீரு? நாயிப் பாட்டு எங்க?”

“இன்னைக்கு வேண்டாம் சார்.”

“ஏன் வேண்டாம்?”

பின்வரிசையில் தாராவிப் பயல்கள் களுக்கென்று சிரித்தார்கள். வானமாமலைக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. “அரே, யாருய்யா அந்த நாயி? இங்கனதான் உக்காந்திருக்கானோ?” என்று கூட்டத்தைப் பார்த்தார்.

தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் சிரிக்கப் பாட்டு எழுதத் தெரிந்தவனுக்கு, அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

முன்வரிசையிலிருந்து சிவனாண்டி எழுந்தார். “படிங்க தம்பி! கல்யாண வீட்டுல ஆசப்பட்டுக் கேட்டா மாட்டேன்னு சொல்லலாமா? எனக்கும் பிடிச்ச பாட்டுதான்!”

டிரம்ஸ் அடிக்கிறவன் ஆரம்பித்தே விட்டான். நயினார் மைக்கை வாங்கிப் பாடினான். பல்லவி முடிந்ததும் முதலில் குரைத்தது அண்ணாச்சிதான். கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, மண்டபம் அதிரக் குரைத்தார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சேர்ந்து குரைத்தார்கள்.

“சம்பந்தி பிரமாதமாக் குலைக்காரு!” என்று வானமாமலை இறங்கி வந்து அவர் முதுகில் தட்டினார். நாய் யார் என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பின்வரிசைப் பயல்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற சங்கரேஸ்வரி தலை குனிந்தவள் நிமிரவே இல்லை.

நயினாருக்கு மைக்கைப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பாதியில் நிறுத்தினால் வானமாமலை மறுபடியும் ஏன் என்று கேட்பார்.

இன்னும் இரண்டு சரணம் இருந்தது. இரண்டையும் பாடினான். அண்ணாச்சி இரண்டுக்கும் குரைத்தார்.