ஓய்வு என்று எழுதாதவள்

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பெண்கள் கால்பந்து கிளப்பின் நிர்வாகி முரோயி. பயிற்சியாளர் தகானாஷி நோரிகோ. வீராங்கனைகளுக்கு வேலை கொடுக்கும், மீன் விழுதை அவித்துக் கட்டியாக்கும் ஆலையிலிருந்து வந்து, தன் பெயர் அட்டையை மேசையில் நேராக வைத்ததோடு வேலை முடிந்ததுபோல் உட்கார்ந்திருந்த ஒருவர். நான்காவது ஆள் இசோனோ சிஹோ. முப்பத்து நான்கு வயது, நடுத் தடுப்பாட்டக்காரி, இந்த அணியில் பதினோராவது வருடம்.

அடுத்த வருடம் ஒப்பந்தம் இல்லை என்பதை முரோயி இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார். அதற்கடுத்த இருபது நிமிடமும் ஒரு தாளைப் பற்றித்தான் பேச்சு. அவள் பெயரில் அவர்களே எழுதி வைத்திருந்த ஓய்வு அறிக்கை. இந்தப் பருவத்தோடு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற முடிவு செய்திருக்கிறேன், உங்கள் ஆதரவுக்கு நன்றி. கையெழுத்து போட்டால் ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததும் பூங்கொத்து, மைக், வழியனுப்பு. ஆலையில் நிரந்தர வேலை. மார்ச் வரை விடுதி அறை. போடாவிட்டால் திங்கட்கிழமை காலை கிளப்பின் இணையதளத்தில் 'ஒப்பந்தம் முடிந்தது' என்று ஒரு வரி வரும். வேலையும் அறையும் மாதக் கடைசியோடு சரி. அந்த வரி வரும்வரை அவள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. எல்லா அணிகளிலும் இதுதான் நடைமுறை. முரோயி கெட்டவர் அல்ல. பூவுக்குச் சொல்லியாகிவிட்டது என்றபோது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு சிஹோ எழுந்தாள். நடைவழியில் தகானாஷி பின்னாலேயே வந்தாள். ஏழு வருடம் முன்புவரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தடுத்தவர்கள்.

"கையெழுத்த போட்டுடு சிஹோ. எனக்கும்தான் முட்டி போச்சு. நான் விடலயா?"

"நீங்க விட்டீங்க. உங்கள யாரும் விடச் சொல்லலியே."

"திமிரு பிடிச்சவ" என்றாள் தகானாஷி. பழைய நாட்களில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

சிஹோவுக்கு அது திமிராகத் தோன்றவில்லை. ஆலையில் அவள் கை வேகமான கை. காலை ஐந்து மணி முதல் நண்பகல் வரை, ஓடும் பட்டையில் கோணலாக வரும் கட்டிகளைப் பொறுக்கி எறிவாள். அதையே அறுபது வயதுவரை செய்யலாம், குறையொன்றுமில்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்தது நடக்காத விஷயம். அவள் ஆட்டத்தை விடவில்லை. அவர்கள் அவளை விடுகிறார்கள். முட்டி இன்னும் இரண்டு வருடம் ஓடும், மூன்றுகூட ஓடலாம். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, பூவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர் என்றாள். கேட்காமலே பூ கொடுக்கிறார்கள் என்றால் வாங்கிக்கொள்வதுதானே மரியாதை என்றாள்.

வெள்ளிக்கிழமை தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. முரோயி அதைக் கோப்பில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளை முதலிலிருந்தே ஆடவிட்டார்கள். கடல்காற்றில் மழை சாய்ந்து விழுந்தது. நடுத் தடுப்பில் நிற்பவளுக்கு ஆட்டம் முழுக்க மற்றவர்களின் முதுகுதான் தெரியும். அந்த முதுகுகளைப் பார்த்து, ஏறு, இறங்கு, இடப்பக்கம் ஆள் என்று கத்திக்கொண்டே இருப்பதுதான் வேலை. பதினோரு வருடம் கத்தியதில் குரல் உடைந்து ஆண்குரல் போலாகிவிட்டது. எழுபதாவது நிமிடத்தில் அவள் அணி கோல் போட்டது. எல்லாரும் எதிர்மூலையில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். அங்கே ஓடிச் சேர அறுபது மீட்டர். போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிடுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. நின்ற இடத்திலேயே இரண்டு முறை கை தட்டினாள். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்ததும் ஹினோகாவுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். இருபத்தைந்து வயது, மூன்று வருடம் ஆடியவள், நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். அவள் மைக்கைப் பிடித்து அழுதாள், வரிசையில் நின்றவர்களும் அழுதார்கள். சிஹோவின் பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் பெண், "என்னக்கா, கல்லு மாதிரி நிக்கறீங்க? உங்களுக்குப் பூ குடுக்கறப்ப நான் ஒப்பாரியே வப்பேன், பாத்துக்கங்க" என்றாள். வை என்றாள் சிஹோ.

பிறகு அணி முழுவதும் ஆதரவாளர்கள் முன் வரிசையாக நின்று குனிந்து வணங்கியது. நாற்பது ஐம்பது பேர், ஒரு மேளம், நனைந்த கொடிகள். கம்பித் தடுப்பின் மேல் சாய்ந்து நின்ற மழைக்கோட்டுக் கிழவர் ஒருவர், எல்லா ஆட்டத்துக்கும் வருபவர், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இசோனோ சான், அடுத்த வருஷமும் பின்னால நின்னுக்கம்மா. நீ இருந்தா நான் பீரை நிம்மதியா குடிப்பேன்."

சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லப் பிடிக்கவில்லை. அவள் இன்னொரு முறை குனிந்தாள். மற்றவர்கள் நிமிர்ந்து நகர்ந்த பிறகும் குனிந்தபடியே இருந்தாள். கிழவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேளக்காரனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை அந்த ஒற்றை வரி வந்தது. பிற்பகலுக்குள் மூன்று பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள். தகானாஷி அனுப்பவில்லை.

மாதத்தின் கடைசி நாள், காலை பத்து மணிக்கு விடுதிக்காரி மினோவா அம்மாள் அறையைச் சரிபார்க்க வந்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள், அலமாரிக்குள் தலையை விட்டாள். ஒரு பையும் ஒரு பெட்டியும் வாசல் பக்கம் இருந்தன.

"எங்க போறே?"

"தெற்க ஒரு டீம். வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருக்காங்க."

"எடுத்துக்கிட்டாங்களா?"

"ஆடிக் காட்டச் சொல்லியிருக்காங்க."

"சம்பளம்?"

"அதெல்லாம் இல்ல. கீழ் டிவிஷன்."

சிஹோ வாசல்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினாள். வலது முட்டி மடங்க நேரம் பிடித்தது. மினோவா அம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை. நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு எழுந்து, காலி அறையைப் பார்த்துத் தலை குனிந்து நன்றி சொன்னாள் சிஹோ. பெட்டியை வெளி நடைக்குத் தள்ளினாள். ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. குடையின் பொத்தானை விரலால் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி ஒரு முறை திரும்பியது. பூட்டியதா என்று மினோவா அம்மாள் பிடியை ஆட்டிப் பார்க்கும் சத்தமும் கேட்டது.