அலாவுதீன் கூவுது

கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, மைக் செட் என்றால் அலாவுதீன்தான். ஆள் தங்கம், வேலை சுத்தம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பள்ளுருத்திக் கல்யாணம் ஒன்றில்தான் அவருக்குக் கிரகம் பிடித்தது. யாரோ மைக்கைக் குழாய் ஸ்பீக்கருக்கு நேராகத் திருப்ப, அது கூவென்று கூவித் தொலைத்தது. பந்தலே காதைப் பொத்தியது. ஓடிப்போய் அணைக்க வேண்டிய அலாவுதீனோ உடம்பு சிலிர்க்க நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்ற மைக் செட்காரர்கள் எந்தக் கூவலை ஒழிக்கப் படாத பாடு பட்டார்களோ, அதை அவர் ஊட்டி வளர்த்தார். மைக்கை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனால் ஏறும். விலக்கினால் இறங்கும். உள்ளங்கையால் மூடித் திறந்தால் அழும். முன்னறையில் தினமும் சாதகம். அடுக்களையிலிருந்து மனைவி ஹாஜரா கத்துவாள்.

"மதி! அந்த ஒச்சயெ ஒண்ணு நிறுத்துங்களேன், பாலு திரிஞ்சு போவுது!"

கொச்சியில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். அலாவுதீன் அதைத் தமிழ் மதியாக எடுத்துக்கொண்டு, மதித்துத்தான் சொல்கிறாள் என்று மேலே வாசிப்பார். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு ஆளாவது அதைக் கோளாறாக நினைக்காமல் பாட்டாகக் கேட்க வேண்டும்.

தமிழ் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவில், காலில் விழாத குறையாகக் கெஞ்சி அரை மணி நேரம் வாங்கினார். பாய் ஏதோ பாடப் போகிறார் என்று செயலாளர் வைத்தீஸ்வரன் நினைத்துவிட்டார். அலாவுதீன் புது ஜிப்பாவில் மேடையேறி, கண்ணை மூடி, மைக்கைக் கூவவிட்டார். ஒருவரும் எழுந்து ஓடவில்லை, கத்தவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் எதிரே வைத்தீஸ்வரன்.

"என்ன பாய், மைக் சரியாயிடுத்தா? கச்சேரியை ஆரம்பிக்கலாமோன்னோ?"

அத்தனை நேரமும் மைக் டெஸ்டிங் நடக்கிறதென்றே கூட்டம் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. அலாவுதீன் தலையாட்டினார், வேறென்ன செய்வார் பாவம்! கொடுத்த அரை மணி அதற்குள் தீர்ந்துபோக, அடுத்துப் பேச வந்தவரின் உயரத்துக்கு மைக்கை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயாக்கடையில் கட்சிக்காரன் நாணு, இக்கா என்று அண்ணன் முறை கொண்டாடி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அலாவுதீன் இக்கா, நேத்து அந்த ஒச்ச! ஒண்ணாந்தரம்! நம்ம கட்சிக்கு வாசிக்கணும். தனி மேடை தாரோம்."

அலாவுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னபடியே தனி மேடை போட்டார்கள், எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு நேர் எதிரே. அங்கே தலைவர் வாயைத் திறந்ததும் இங்கே நாணு கையைக் காட்டினான். அலாவுதீன் உயிரைக் கொடுத்து வாசித்தார். கூட்டம் கலைந்து ஓடியது. நாணு அவரைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினான். அடுத்த மாதம் எதிர்க்கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து நின்றார்கள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தேர்தல் வந்தால் அவரைப் பிடிக்கப் போட்டாபோட்டி. ஒரு தடவை இரண்டு கட்சிகளும் கூடிப் பேசி, அவருக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே உட்காரவைத்தன. இதைவிடப் பெரிய மரியாதை எந்த வித்வானுக்குக் கிடைத்திருக்கிறது? அவரது பாட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது அவரை உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் மைக்கைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, மாமனாரின் மிளகு மண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அறுபத்தேழில் ஒரு சாயங்காலம், ஹாஜராவோடு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஏதோ கூட்டம். புது மைக் செட்காரன் ஒருவன் தடுமாற, மைக் கூவியது. பக்கத்தில் நின்ற முகம் தெரியாத இளைஞன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"டேய், அலாவுதீன் கூவுது! நிறுத்துடா, மதி!"

கோளாறுக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள். பெயரெடுப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது. அவமானத்தில் அலாவுதீன் அங்கேயே நின்றுவிட்டார். ஹாஜராவும் நின்றாள். தலையைச் சாய்த்துக் கூவலைக் கொஞ்சம் கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதா அலாவுதீன்? உங்களோடது அடியிலே உறுமிட்டு, பையப் பைய ஏறி, உச்சியிலே போய் ஒண்ணு விம்மும். இது சும்மா கத்துது."

அலாவுதீன் அவள் பக்கம் திரும்பினார். "அப்போ ரெண்டுலே எது கொள்ளாம், எது நல்லாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டும் சகிக்காது," என்றாள் ஹாஜரா. "ஆனா இவனுக்குப் பாடத் தெரியலே."