பேனரில் ஏறிய முதுகு

பேனரில் முகம் மட்டும்தான் வினிதாவுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு ஜவான். பச்சை உடுப்பு, மார்போடு அணைத்த துப்பாக்கி, முழங்கை வரை கருகருவென்று ரோமம். ராணுவப் போலீஸுக்குப் பெண்களை எடுக்கும் முகாமில் அவள் ஓட்டத்தில் தேறிய மறுநாளே, தாய்மாமன் தண்டபாணி அதை அடித்துக்கொண்டு வந்து எண்ணூர் குப்பத்து முனையில் கட்டிவிட்டார். மருத்துவப் பரிசோதனை இன்னும் பாக்கி இருக்கிறது என்று வினிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கல்யாணப் பேனர இன்னா, தாலி கட்டினப்புறமா வைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ரோமத்தைக்கூட மன்னித்துவிடலாம். கீழே இருந்த வாசகம்தான் வினை: 'முதுகு ஆபரேஷனை வென்று நாட்டைக் காக்க வரும் வீராங்கனையே, வருக!'

இரண்டு வருடத்துக்கு முன்னால், முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள், பன்னிரண்டு தையல், அவ்வளவுதான். ஆனால் குப்பத்தின் வாயில் விழுந்த சங்கதி சும்மா இருக்குமா? எலும்பையே கழற்றி மாட்டின கதையாக அது வளர்ந்துவிட்டது. மீன் விற்கிற அம்மா பச்சையம்மா அன்றிலிருந்து மகளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. முதுகில் கத்தி பட்டவளைப் பட்டாளம் திரும்பிக்கூடப் பார்க்காது என்று, கூட ஓடிய பெண்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். ஆகவே வினிதா ஒரு பொய்யைத் தயார் செய்துவைத்தாள். தழும்பைப் பற்றிக் கேட்டால், படகில் நங்கூரம் கிழித்தது. கடற்கரைப் பெண் சொன்னால் நம்பாமல் போவார்களா? ஆஸ்பத்திரிக் காகிதங்களை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு, யாரும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தனியாக ரயிலேறினாள்.

பரிசோதனை நடக்கும் ராணுவ வளாகத்தின் வாசலில் அவளுக்கு முன்பே வந்து நின்றது மீன் ஏற்றுகிற குட்டி யானை வேன். அதன் பக்கவாட்டில் அந்தப் பேனர். மேலே ஐஸ் பெட்டிகளின்மேல் அம்மாவோடு எட்டுப் பெண்கள். வண்டியை எடுக்கச் சொல்லிக் காவல்காரர் இந்தியில் கத்த, தண்டபாணி தமிழில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வழி இல்லாமல் நின்ற ஜீப்பில் ஒரு பெண் அதிகாரி பேனரை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனை அறையில் உட்கார்ந்திருந்தவரும் அவரேதான். டாக்டர், மேஜர் எழில்மொழி.

அவருடைய விரல் தழும்பின்மேல் வந்து நின்றது. இது எப்படி வந்தது என்று கேட்டார். வினிதா நங்கூரத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். பன்னிரண்டடி பேனரை எதில் மறைப்பது? நங்கூரம் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டி, தையல், நங்கூரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "மறைச்சிருந்தா இப்பவே வெளியே அனுப்பியிருப்பேன். ஆபரேஷன் பேப்பர் இல்லைன்னாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இருக்கா?"

வீட்டில் கிடக்கும் காகிதங்களை எடுத்துவர வண்டியை அனுப்பலாம் என்று வினிதா அனுமதி வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவள் கேட்பதற்கு முன்பே பச்சையம்மா இடுப்பிலிருந்த மஞ்சப்பையை உருவி நீட்டினாள். சீட்டு, ஸ்கேன், பழைய மாத்திரை அட்டை வரைக்கும் எல்லாம் இருந்தது. குப்பத்தில் இருமலுக்குப் போனாலும் பத்து வருடச் சீட்டோடுதான் போவார்கள்.

"டாக்டராண்ட போறவ பழைய சீட்டு இல்லாமயா போவா? மறந்துட்டு போயிட்டியேன்னுதான் வண்டி ஏறினேன்."

வினிதாவுக்கு அழுகை முட்டியது. அம்மாவை வரவேண்டாம் என்று சொன்ன தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

வஞ்சிர வாசம் அடித்த காகிதங்களை டாக்டர் நிதானமாகப் புரட்டினார். வெறும் கொழுப்புக் கட்டி, எலும்பைத் தொடவே இல்லை. குனியச் சொன்னார், குதிக்கச் சொன்னார், பக்கத்து அறை அறுவை நிபுணரிடம் அனுப்பினார். அரை மணி நேரம் வினிதா அம்மனையும் மாதாவையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டாள். கடைசியில் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட டாக்டர், தாளை நீட்டாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டார்.

"பேனர்ல இருக்கிற அந்தக் கை யாரோடது?"

"தெரியாது மேடம்," என்றாள் வினிதா.

அப்போதுதான் டாக்டர் சிரித்தார்.

வெளியே வந்தவள் நேராகப் போய் அம்மாவை இடுப்போடு சேர்த்துத் தூக்கினாள். தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மஞ்சப்பை பறந்தது, எட்டுப் பெண்களும் குலவையிட்டார்கள்.

"எறக்குடி, முதுகு கீது, முதுகு," என்று பச்சையம்மா பதறினாள்.

"கீதும்மா," என்று சொல்லிவிட்டு வினிதா இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.